ஆன் டியூட்டி

என் மாமா மகன் இசக்கிபாண்டியை ஒரகடம் பக்கத்துக் காலேஜில் சேர்த்துக்கொண்டது அவன் வாலிபால் அடிக்கிற அடிக்காக. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் சோறும் இலவசம். நான் இருங்காட்டுக்கோட்டையில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மேட்ச் நாளிலெல்லாம் அவனுக்கு ‘ஆன் டியூட்டி’ போட்டுவிடுவார்கள். வகுப்புப் பக்கமே போகாமல் அட்டெண்டன்ஸ் நிரம்பிவிடும். அது நிரம்பியவனைப் பார்த்து, ஏன் படிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

மற்றதெல்லாம் எப்படியோ தேறிவிட்டான். கணக்கு மட்டும் அரியர். இதுதான் கடைசி வாய்ப்பு, விட்டால் டிகிரி இல்லை. என் ரூமிலேயே தங்கி, உதடு அசைய அசையப் படித்தான். ஒரு கணக்குக்குச் சரியாக விடை வந்த அன்று, ஸ்மாஷ் அடித்தவன் மாதிரிக் கத்தினான்.

பரீட்சை நாளிலேயே வாலாஜாபாத்தில் ஃபைனல். விளையாட்டு மாஸ்டர் வரதராஜன் போன் பண்ணினார். இவன் ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

“ஏல, பரீட்சைய விட்டுட்டு எங்க போற?”

“சார் ஆன் டியூட்டி போடுதேன்னுட்டாரு அத்தான்.”

“கூறுகெட்டவனே, பரீட்சைக்கு எப்படில போடுவாவ?”

“இத்தன வருசமாப் போட்டாங்கல்லா? சாருக்குத் தெரியாதா?”

ஜெயித்தார்கள். ரிசல்ட்டில் கணக்குக்கு நேராக ‘ஆப்சென்ட்’ என்று வந்தது.

லீவு போட்டுவிட்டு அவனோடு காலேஜுக்குப் போனேன். கேட்டில் அவன் எகிறி அடிக்கிற ஃபிளெக்ஸ். உள்ளே மாஸ்டர் ரூமில் வேர்வையில் ஊறிய முழங்கால் உறைகளின் நாற்றம். அதற்கு நடுவில் உட்கார்ந்து அவர் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்.

“சார், ஆன் டியூட்டி போடுறேன்னு சொன்னீங்களாம்?”

“நான் அட்டெண்டன்ஸ சொன்னேன்பா. பரீட்சைக்கு எவன்யா குடுப்பான்? அது யுனிவர்சிட்டி.” எலும்பை உறிஞ்சினார்.

“அப்ப இவன் டிகிரி?”

“போனா போவுது வுடு. வேற கோர்ஸ்ல அட்மிஷன் போட்டுக்கினா இன்னும் மூணு வருசம் நம்ம டீமுதான். இன்னாடா சிங்கம்?”

இசக்கிபாண்டி தலையைச் சொறிந்தான். “எந்தக் கோர்ஸ் சார்?”

“எதுவா இருந்தா இன்னா? நீ இன்னா கிளாஸுக்கா போவப்போற?”

அவர் சிரித்தார். இவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அவர் இன்னொரு பிரியாணிப் பொட்டலத்தை மேசையில் தள்ளினார். இவன் என்னைப் பார்க்காமல் கையை நீட்டினான்.