பெயிண்ட் காஞ்சிருச்சாம்மா?

சவப்பெட்டி மூடியின்மேல் வைப்பதற்காக வந்திருந்த பிளாஸ்டிக் சிலுவையை அம்மா எடுத்து, கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம் தம்பி. அவரு மரச் சிலுவையாவே தொடைச்ச ஆளு." பிறகு மகள் பெர்னிஸைப் பார்த்தார். "அப்பா கார் பின்னால தொறந்து பாரு. ஒண்ணு எடுத்துட்டு வா."

பூசைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. காப்பாரிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் வந்த சொந்தங்கள் கூடாரத்தின் கீழ் மைலோ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெர்னிஸ் அவர்களைக் கடந்துபோய், பழைய புரோட்டோன் சாகாவின் பின்கதவைத் தூக்கினாள்.

உள்ளே மூன்று அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றிலும் தமிழ்ப் பேப்பரில் சுற்றிய சிலுவைகள். மொத்தம் இருபத்தாறு என்று எண்ணாமலே அவளுக்குத் தெரியும். ஒன்றைப் பிரித்தாள். பின்பக்கம் இந்த வருடத்துக் குருத்தோலை காய்ந்து செருகியிருந்தது. அப்பா பென்சிலில் 'பி-204' என்று எழுதி, அதன்கீழ் இரண்டு திருகாணிகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார். அந்தச் சிலுவை தொங்கிய வகுப்பறை அது.

கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தில் அப்பா செபாஸ்டியன் முப்பத்தோரு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தார். குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள் ஏணியும் கையுமாக அறை அறையாகப் போய், ஒவ்வொரு சிலுவையிலும் புது ஓலை செருகுவார். யாரும் அவரை அதைச் செய்யச் சொன்னதில்லை. பெர்னிஸ் இப்போது அங்கே துணைப் பதிவாளர். மாணவர்களில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. சிலுவை சிற்றாலயத்தில் மட்டும் இருந்தால் போதும், வகுப்புகளில் வேண்டாம் என்று ஒரு குழு பேசி முடித்திருந்தது. திங்கட்கிழமை கையெழுத்து. குழுவின் தலைவி அவள்தான்.

அப்பாவிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் முன்பு, "பெயிண்ட் அடிக்கணும்ப்பா. கழட்டி வைங்க, காஞ்சதும் மாட்டிடலாம்" என்றாள். பெயிண்ட் அடிப்பது நிஜம்; திரும்ப மாட்டுவது பொய் என்று தெரிந்தேதான் சொன்னாள். அவர் நம்பி எண் எழுதி வைத்திருக்கிறார்.

நேற்று காலை மருத்துவமனையில் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக் கேட்டார். "பெயிண்ட் காஞ்சிருச்சாம்மா?"

"இன்னும் இல்லப்பா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பெர்னிஸுக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

சிலுவையை உள்ளே கொண்டுபோனாள். அம்மா முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தார்.

"ஸ்டோர்ல கரையான் இருக்காம். அதான் கார்லயே வெச்சிருந்தாரு. மூணு மாசமா பாசார் சாமானெல்லாம் என் மடியிலதான்."

பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது தூறல் தொடங்கியிருந்தது. குழிக்குள் இறக்குமுன், வழக்கம்போல ஃபாதர் மூடிமேல் இருந்த சிலுவையை எடுத்துக் குடும்பத்தாரிடம் நீட்டினார். அம்மா கை நீட்டவில்லை. "அவகிட்ட குடுங்க ஃபாதர்" என்றார்.

எல்லோரும் மண் போட்டு முடித்தபின், குழுவில் இருந்த கென்னத் குடையோடு வந்து நின்றார்.

"மண்டே மீட்டிங்கைத் தள்ளி வெச்சிடலாம் லா, பெர்னிஸ். சைன் பண்றது மெதுவா பார்த்துக்கலாம்."

"வேணாம், நான் வரேன். பி-204-லயே வெச்சுக்குவோம்." சிலுவையைத் திருப்பிப் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். "அங்க பெயிண்ட் காஞ்சிருச்சா?"

கென்னத் குழம்பிப்போனார். "அது காஞ்சு மூணு மாசமாச்சே."

"ஆமா. அப்போ ஏணி ஒண்ணு கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க."

அவர் அவள் கையிலிருந்த சிலுவையைப் பார்த்தார். "கமிட்டில கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் சொல்றேன்."

மழையில் நனைந்து டேப்பின் ஒரு ஓரம் பிரிந்திருந்தது. திருகாணிகள் விழுந்துவிடாமல் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெர்னிஸ் அம்மாவோடு காருக்கு நடந்தாள்.