தக்காளிப் புள்ளி

பதினோரு மாதமாக என் மதிய உணவு சாண்ட்விச்தான். ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரே கையால் சாப்பிட முடிகிற சாப்பாடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இடது கையில் சாண்ட்விச், வலது கையில் சிவப்புப் பேனா. அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை.

சாப்பாட்டு இடைவேளையை விட்டுக்கொடுத்தால் ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணிக்கே கிளம்பலாம். முதலாளியோடு மல்லுக்கட்டி வாங்கிய ஏற்பாடு இது. அதற்கு முன்பெல்லாம் என் மகள் நான் வரும்வரை பள்ளி வாசலில் காவலாளியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பத்து வயதில் அவளுக்கு அந்த மனிதரின் முழங்கால் வலி வரலாறு முழுக்க அத்துப்படி. இப்போது பள்ளி விடும்போது வாசலில் நான் நிற்கிறேன். அந்தச் சந்தோஷத்திலோ என்னவோ, காலையில் சாண்ட்விச் செய்கிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். தக்காளி சாஸ் விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கை ரொம்பத் தாராளம்.

முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"தாள்ல ஒரு சொட்டு விழுந்தாலும், அன்னைக்கோட நாலு மணிக் கதை முடிஞ்சுதும்மா."

எங்கள் அச்சகத்தில் இரண்டு நிறத்துக்குத்தான் மரியாதை. சிவப்பு என்னுடையது, திருத்தம் போட. பச்சை முதலாளியுடையது, 'அச்சடிக்கலாம்' என்று கடைசித் தாளில் கையெழுத்துப் போட. அந்தப் பேனாக்களை வேறு யாரும் தொடக்கூடாது.

போன வியாழக்கிழமை, புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் டாக்டரம்மாவின் நோட்டீஸ் வந்தது. 'பல நோய்களுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை.' ஒரு பிழைகூட இல்லை. ஒரு கடி கடித்துக்கொண்டே தாளைத் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு முதலாளி அச்சான நோட்டீஸைக் கொண்டுவந்து என் மேஜைமேல் அறைந்தார். கொட்டை எழுத்தில் இருந்தது: 'பல் நோய்களுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை.'

"வீடு வீடாப் போட்டாச்சு. டாக்டரம்மா நேர்ல கெளம்பி வர்றாங்களாம். யாரு வெச்ச புள்ளி இது?"

நாலைந்து நாளாகவே அவர் எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுந்துகொண்டிருந்தார். நானும் விடுகிற ஆளில்லை.

"நான் வெக்கவே இல்ல சார்!"

டைப் அடிக்கும் அக்கா திருத்தத் தாளை எடுத்து வந்தார். ல எழுத்தின் உச்சியில், அளவெடுத்து வைத்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா?"

"போன மாசம் கேட்டேன். 'நான் வெச்ச புள்ளியிலயே சந்தேகமா'ன்னு எகிறினியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. என் வாயே எனக்கு வேட்டு வைத்துவிட்டது.

முதலாளி தாளை மூக்கருகே கொண்டுபோனார். பேனா கசிந்துவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவர் நகத்தால் லேசாகச் சுரண்டினார். புள்ளி உதிர்ந்தது. மை எங்காவது உதிருமா?

"சாஸ் சார். என்னோட சாஸ்தான்."

"நல்லது. இன்னையிலேருந்து அஞ்சு மணி."

கண் கலங்கிவிட்டது. மறுபடியும் அந்த வாசல், அந்த முழங்கால்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். கையில் நோட்டீஸ், முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

"மூணு வாரமா ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். இன்னைக்குக் காலையில பன்னெண்டு பேரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க! அஞ்சு பேரைப் பல் டாக்டர்கிட்ட அனுப்பிட்டேன். மீதி ஏழு பேருக்குப் பல்லுல ஒண்ணுமே இல்ல. ஒருத்தருக்குக் காது, ஒருத்தருக்குச் சளி... நானே பார்த்து மருந்து குடுத்தேன். இருந்தாலும் சீக்கிரம் திருத்திக் குடுங்க. எத்தனை பேரைத்தான் ஆ காட்டச் சொல்றது?"

சொல்லிக்கொண்டே வந்தவர் முதலாளியைப் பார்த்ததும் நின்றார்.

"உங்க கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க."

"எத்தனை நாளா?"

"போன புதன்லேருந்து," என்றார் முதலாளி, சின்னப் பிள்ளை மாதிரி.

அக்கா கடைசித் தாளையும் மெதுவாக மேஜையில் வைத்தார். வியாழக்கிழமைத் தேதி, பச்சைக் கையெழுத்து.

"அதான் சார் படிக்காமலே போட்டுட்டாருபோல," என்றார், யாரையும் பார்க்காமல்.

டாக்டரம்மா ஒரு சீட்டில் பல் மருத்துவரின் முகவரியை எழுதி நீட்டினார். "ஆறாவது ஆள் நீங்க. இப்பவே போங்க."

முதலாளி சட்டைப்பையில் சீட்டை வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"நாலு மணிக்கே போம்மா. ஆனா இனிமே சிவப்பா எதுவும் சாண்ட்விச்ல இருக்கக்கூடாது."

நான்கு அடிப்பதற்குள் பையை மாட்டிக்கொண்டேன். பள்ளி வாசலுக்கு நடந்தேனா ஓடினேனா, எனக்கே தெரியாது. கதையைக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் பொறுப்பாக யோசித்தாள்.

"அப்ப நாளையிலேருந்து புதினா அரைச்சுத் தடவிடறேம்மா. பச்சையாதானே இருக்கும்?"

"அடிப்பாவி! அது விழுந்தா முதலாளி கையெழுத்துடி!"