பன்னிரண்டு சொட்டு ஆரஞ்சு எண்ணெய்

எங்கள் மிட்டாய்ப் பட்டறையில் கை என்னுடையது, நாக்கு தங்கையுடையது. பாகு காய்ச்சுவது, ஊற்றுவது, வெட்டுவது எல்லாம் நான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு துண்டை வாயில் அதக்கிக்கொண்டு குறை சொல்வாள். இருபது வருடமாக இதே பிழைப்பு. எரிச்சலாக வரும். ஆனால் அவள் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

தண்ணீரில் கரைத்த எசன்ஸைக் கொதிக்கிற பாகில் விட்டால் புஸ்ஸென்று ஆவியாகி, பாதி வாசனை காற்றோடு போய்விடும். அதனால் நாங்கள் எண்ணெய்தான். சட்டியை இறக்கி, கொதி அடங்கியதும் விட வேண்டும். ஆரஞ்சு என்றால் சட்டிக்குப் பன்னிரண்டு சொட்டு. பதிமூன்றாவது விழுந்தால் கசக்கும். அதை வாயில் வைத்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள்.

அவளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை ஆரம்பித்த பிறகு முடி போனது, உடம்பு பாதியானது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள். வீட்டில் படுத்திரு என்றால் கேட்கமாட்டாள். "நான் வரலன்னா நீ எல்லாத்தையும் கசக்க வச்சிடுவ" என்று தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். எனக்கும் அது வேண்டியிருந்தது. நாக்கு இருக்கிறவரை ஆளும் இருப்பாள் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை.

நேற்று சட்டியை இறக்கிய நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். வெளியே போய்ப் பேசினேன். மருந்து கேட்கவில்லையாம். இனி வலிக்கு மட்டும்தான் மாத்திரை தர முடியும் என்றார் டாக்டர். உள்ளே வந்தால் பாகு இறுக ஆரம்பித்திருந்தது. அரக்கப்பரக்கத் தட்டில் ஊற்றி வெட்டினேன். போனில் யாரென்று கேட்டாள். சர்க்கரைக் கடைக்காரர் என்றேன்.

ஒரு துண்டை ஆறவைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள்.

அப்போதுதான் தராசுக்குப் பின்னால் பார்த்தேன். ஆரஞ்சு எண்ணெய், புது பாட்டில், சீல்கூட உடைக்காமல் நின்றது. காய்ச்சும்போதே சேர்த்த நிறம் மட்டும்தான் மிட்டாயில் இருந்தது. அவள் வாயில் வெறும் சர்க்கரை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது.

"ஆரஞ்சு கொஞ்சம் தூக்கல்க்கா. ஒரு சொட்டு குறைச்சிருக்கலாம்."

எத்தனை மாதமாக இப்படிக் குத்துமதிப்பாகச் சொல்லி என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாளோ, பாவி. போனில் வந்ததை அவளிடமிருந்து எப்படி மறைப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவள் அதில் எப்போதோ கைதேர்ந்திருந்தாள்.

அவள் கண்ணைத் திறப்பதற்குள் பாட்டிலை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"சரிடி, நாளைக்கு ஒரு சொட்டு குறைச்சிடறேன்" என்றேன். "நீ வந்து பாத்துச் சொல்லு."