நீர்மாலைக்கு ஒரு குடம்

கிணற்றுக்குள் இறங்கிய குடம் பாதித்தூரம் போயிருந்தபோது அப்துல் ஜலீல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே பால்பாண்டி, கொஞ்சம் பொறு. ஒங்கய்யா எங்கிட்டக் குடுத்து வச்ச காயிதம் இது. நீர்மாலைக்கு முன்னால காட்டச் சொல்லிட்டுப் போயிருக்காக.”

கொட்டு நின்றது. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க ஈர வேட்டியோடு வந்திருந்த பங்காளிகள் எல்லோரும் தாளை எட்டிப் பார்த்தார்கள். பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது. அவர்கள்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

சுயம்புலிங்கத்தின் உயில் நாலே வரி. அவர் மூச்சை விட்ட நேரத்திலிருந்து கிணறும் பம்புசெட்டும் ஊர்க்கோடியிலிருக்கும் தர்ம ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். போன மாதம் அங்கே பத்து நாள் படுத்திருந்தார். பிரசவம் பார்த்துவிட்டு வந்த நர்ஸம்மா அரைத் தம்ளர் தண்ணீரில் கை கழுவியதைப் பார்த்தேன் என்று கடைசி வரி சொன்னது.

மூச்சு நின்றது விடியக்காலம் ஐந்தரைக்கு. இப்போது மணி பத்து.

எண்பத்து மூன்றாம் வருட வறட்சியில் சுருளிப்பட்டி ஓணான்கள்கூட மனிதர் நெற்றியில் ஏறி வியர்வையை நக்கித்தான் பிழைத்தன. இந்தக் கிணறு மட்டும் வற்றவில்லை. இதில் தவறவிட்ட குடம் மூன்றாம் நாள் சுருளி அருவியில் வந்து விழுந்தது. குடத்துக்காரி கருத்தம்மாள் உயிரோடுதான் இருக்கிறாள், சந்தேகமுள்ளவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

பால்பாண்டி வாழையைப் பார்த்தான். இரண்டு ஏக்கரும் தார் தள்ளி நின்றது. வெட்டுவதற்கு இன்னும் இரண்டு மாதம் தண்ணீர் பாய வேண்டும். வேறு கிணறு கிடையாது.

“பதிவு பண்ணாத காயிதந்தானல?” என்றார் சித்தப்பா சங்கரலிங்கம். “அப்பனுக்குக் கொள்ளி வைக்கிறப்பவே வாழைக்கும் சேத்து வைக்கப் போறியா? கிழிச்சுப் போட்டுட்டுத் தண்ணிய எடு.”

ஜலீல் தாளைப் பால்பாண்டியின் கையில் வைத்தார். “கிழிச்சாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். எம் பொறுப்பு குடுக்குறதோட முடிஞ்சுபோச்சு.”

பால்பாண்டி கயிற்றை இழுத்தான். தண்ணீரைத் தொடாத குடம் மேலே வந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்தான். இதற்கு என்ன முறை என்று தெரியாததால் கொட்டுக்காரர்கள் கொட்டிக்கொண்டே பின்னால் போனார்கள்.

வெறுங்குடத்தோடு நீர்மாலை வருவதைப் பார்க்க, எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மூன்று பேர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள்.

நர்ஸ் கிருபாவதி வாசலுக்கு ஓடிவந்தாள். “என்னண்ணே, இங்கன வந்துட்டீக?”

“ஒங்க கெணத்துல ஒரு குடம் தண்ணி எடுத்துக்கிறட்டுமா? அய்யாவக் குளிப்பாட்டணும்.”

“எங்க கெணறா?”

தாளை நீட்டினான். படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“எடுத்துக்கங்கண்ணே. ஒண்ணு போதுமா?”

“ஒண்ணுதான் கேட்டேன்.”

பின்னாலேயே வந்திருந்த சித்தப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார்.

திரும்பிவந்து குடத்தை இறக்கினான். தளும்பத் தளும்ப மேலே வந்தது. கழுத்துக்கு மேல் நின்றதை மட்டும் சாய்த்துக் கிணற்றுக்குள் ஊற்றினான். அது போய் விழுகிற சத்தம் கேட்கும்வரை கொட்டுக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடியே நின்றார்கள்.