மூச்சு வாங்காத குரல்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் ஒன்பது மணி நாற்பது நிமிடம். மூன்றாவது நாளாகத் தூறல் விடவில்லை, காற்று இல்லை, உள்துறைமுகம் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. ஓர்ஸ் ஹில்லில், மாகாணப் பாடசாலை இசையாசிரியர் சங்கத்தின் அலுவலகத்தில், செயலாளர் வின்சன்ட் பதினேழாம் இலக்க ஒலிப்பதிவை நான்காவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு பிள்ளைகள் பாடவேண்டிய பதிவு அது. பதின்மூன்று குரல்கள் கேட்டன.

சங்கத்தின் நடைமுறை எளியது. தொண்டர் ஆசிரியராக இசை கற்பிக்கும் ஒருவர் நிரந்தர நியமனம் பெறச் சங்கத்தின் சிபாரிசு வேண்டும். அதற்காக அவர் தம் மாணவர் பன்னிருவரைச் சுருதியோடு பாடவைத்து, அந்தப் பதிவை அனுப்புவார். பதிவின்மேல் இலக்கம் மட்டுமே இருக்கும். பெயரும் பாடசாலையும் மூடிய உறைக்குள் இருக்கும். விதி ஏழு: முன்னரே பதிவுசெய்த குரல் கலந்திருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். விதிகள் அனைத்தையும் எழுதியவர் வின்சன்ட். முப்பத்தொரு வருடம் இசை கற்பித்து ஓய்வுபெற்றவர். காற்புள்ளி இடம்மாறிய கடிதத்தில் அவர் கையெழுத்து இட்டதில்லை.

"அன்ஸார், இங்க வாங்கோ. இதில எத்தினை குரல் எண்டு சொல்லுங்கோ."

அலுவலக எழுதுவினைஞர் அன்ஸார் கிண்ணியாவிலிருந்து நனைந்துகொண்டு வந்திருந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக் கண்களை மூடினார்.

"எனக்கு எல்லாம் ஒண்டாத்தான் கேக்குது சேர். எங்கட ஊட்டுல அஞ்சு புள்ள சேந்து கத்துறதே எனக்கு ஒரு புள்ள கத்துற மாதிரித்தான்."

"பாட்டை விடுங்கோ. பல்லவி முடியிற இடம். எல்லாரும் மூச்சு எடுக்குதுகள். அந்த இடத்தை மட்டும் கேளுங்கோ."

அன்ஸார் கேட்டார். பன்னிரண்டு குரல்களும் ஓய்ந்த அரைச் செக்கனில், மெல்லிய பெண்குரல் ஒன்று தனித்து நின்றது. அடுத்த வரியின் முடிவிலும் நின்றது. நான்கு நிமிடம் இருபது செக்கனும் நின்றது.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சேர், இந்தப் புள்ள மூச்சே எடுக்கல்லயே."

"ஓம்."

"மனிசப் புள்ளதானா?"

வின்சன்ட் உறையைப் பிரித்தார். மெலனி, தொண்டர் ஆசிரியை, வெருகல். ஒன்பது வருடச் சேவை. அடுத்த மாதம் நாற்பத்தைந்து வயது நிறைவு. அதற்குப்பின் விண்ணப்பிக்க வழியில்லை. சிபாரிசுப் பட்டியல் வெள்ளிக்கிழமை கல்வித் திணைக்களத்திற்குச் செல்லவேண்டும். அவர் தொலைபேசியை எடுத்து, வியாழக்கிழமை விசாரணைக்கு வரும்படி மெலனியிடம் சொன்னார்.

எந்த ஒலிக்கும் ஒரு மூலம் உண்டு என்பது வின்சன்டின் கொள்கை. ஆனால் புதன்கிழமை முழுவதும் அந்தக் குரல் மூலமின்றியே வந்தது. மின்விசிறியின் இரைச்சலுக்குள் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதி ஓய்ந்தபின் அதே ஐந்தரைக் கட்டைச் சுருதியில் மிஞ்சி நின்றது. மாலைப் பூசையில் பாடகர் குழு மூச்சு வாங்கிய ஒவ்வோர் இடத்திலும் அவர் காது அதற்காகக் காத்திருந்தது. அது ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு மெலனி வந்தார். குடை பிடித்தும் சேலையின் பாதி நனைந்திருந்தது.

"இருங்கோ. கதிரை நனையும் எண்டு பாக்கவேண்டாம்."

"விதி ஏழுதானே, சேர்?"

வின்சன்ட் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "பன்னிரண்டு பேரின்ர பட்டியல் தந்திருக்கிறீங்கள். பதின்மூண்டாவது குரல் ஆரின்ர?"

"நிரோஜினியின்ர."

"அந்தப் பேர் பட்டியலில இல்லை."

"இருக்க ஏலாது, சேர். போன வருசம் மாசியில காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டா. பதினொரு வயசு."

அன்ஸாரின் தட்டச்சு நின்றது.

"எங்களிட்டச் சுருதிப்பெட்டி இல்லை," என்றார் மெலனி. "அந்தப் பிள்ளை ஸா பிடிச்சால் அசையமாட்டா. பின்வரிசையில நிண்டு அவ ஸா பிடிப்பா, மற்றதுகள் பாடும். 'ரீச்சர், நான் எப்ப பாடுறது?' எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பா. ஒருநாள் தானே என்ர ஃபோனை எடுத்துத் தன்ர குரலைப் பதிஞ்சா. 'நாளைக்கு இதை வையுங்கோ, நான் முன்வரிசையில நிண்டு பாடப்போறன்' எண்டா. அண்டைக்குப் பின்னேரம்தான் காய்ச்சல் தொடங்கினது."

ஃபோனை மேசையில் வைத்து விரலால் தொட்டார். ஒன்பது செக்கன். முடிந்த இடம் தெரியாமல் மீண்டும் தொடங்கியது. செவ்வாய்க்கிழமையிலிருந்து வின்சன்டைப் பின்தொடர்ந்த குரல், தன் மூலத்தைக் காட்டிக்கொண்டு மேசையில் நின்றது. மூலம் தெரிந்தபின்பும் அது அடங்கவில்லை.

"ஃபோனிலேயே சுருதிச் செயலி இருக்குதே?"

"பாவிச்சுப் பாத்தனான். பிள்ளையள் ஏறி இறங்கித் தடுமாறுதுகள். அவவின்ர குரலை வைச்சால் நேர நிக்குதுகள். உண்மையான பெட்டி ஒண்டு நேரத்தோட கிடைச்சிருந்தால் அவ முன்வரிசைக்கு வந்திருப்பா, சேர். கேட்டனான். மூண்டு தரம் கேட்டனான்."

பொலித்தீன் பையிலிருந்து மூன்று படிவங்களை எடுத்து, திகதி வரிசையில் வைத்தார். சங்கத்தின் இசைக்கருவி வழங்கல் படிவங்கள். முதலாவது, 2022 ஜனவரி. சிவப்பு மையில்: 'அதிபரின் முத்திரை தெளிவில்லை. மீளச் சமர்ப்பிக்கவும்.' இரண்டாவது, அதே வருடம் ஜூன்: 'திகதி உரிய கட்டத்தினுள் அமையவில்லை. மீளச் சமர்ப்பிக்கவும்.' மூன்றாவது, நவம்பர்: 'பழைய படிவம். மீளச் சமர்ப்பிக்கவும்.' மூன்றிலும் ஒரே அளவில், ஒரே சாய்வில், வின்சன்டின் கையெழுத்து.

மூன்று குறிப்புகளும் சரியானவை. வேண்டிய அளவு நேரம் எடுத்துப் பார்த்தார். ஒன்றிலும் பிழை கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

அன்ஸார் எழுந்து, யாரும் கேளாமலே, அலுமாரியைத் திறந்தார். மேல்தட்டில் நான்கு சுருதிப்பெட்டிகள் உறை பிரியாமல் இருந்தன.

"நாலு கிடக்குது சேர். முத்திரை தெளியட்டும் எண்டு காத்துக்கிட்டு இரிக்கி."

"அன்ஸார்."

"சரி சேர், நான் ஒண்டும் கதைக்கல்ல."

மெலனி அலுமாரியைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். "இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, சேர். பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்கவேணும். பிந்தினால் றோட்டை வெள்ளம் மூடிப்போடும். நியமனம் கிடைக்காட்டி நான் தையலுக்குப் போவன். ஆனா அந்தப் பதிவை அழி எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

வின்சன்ட் தீர்மானப் படிவத்தை எடுத்தார். நிராகரிப்பதற்கு ஒரு வரி போதும்; அந்த வரி அச்சிலேயே இருந்தது. அதைக் குறுக்கே கோடிட்டு வெட்டிவிட்டு, எழுதத் தொடங்கினார்.

'பதினேழாம் இலக்கப் பதிவில் முன்னரே பதிவுசெய்த குரல் உள்ளது. சுருதிக் கருவி வழங்குவது சங்கத்தின் கடமை. மூன்று தடவை கேட்கப்பட்டும் அது வழங்கப்படவில்லை. வழங்காதவர் கீழே கையெழுத்திடுபவர். ஆகவே விதி ஏழை விண்ணப்பதாரருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பிள்ளைகள் பன்னிருவரும் சுருதி பிசகவில்லை. நிரந்தர நியமனத்திற்குச் சிபாரிசு செய்யப்படுகிறது.'

'சுருதி' என்று தலைப்பிட்ட கட்டம் ஒன்று மிஞ்சியது. அதில் எல்லோரும் 'பெட்டி' என்றே எழுதுவார்கள். வின்சன்ட் 'நிரோஜினி' என்று எழுதினார், கையெழுத்திட்டார். சங்கத்தின் முத்திரையை எடுத்து அழுத்தினார். ஐந்து நாள் ஈரத்தில் மை ஊறியிருந்தது. வட்டத்தின் பாதி கசிந்து, எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன.

அன்ஸார் எட்டிப் பார்த்தார். "சேர், முத்திரை தெளிவில்லையே."

"தெரியுது."

வின்சன்ட் முத்திரையின் கீழ்த் தம் முழுப்பெயரையும் பதவியையும் தெளிவாக எழுதினார். பத்துச் செக்கன் எடுத்தது. மேசையில் ஃபோன் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. அவர் எழுந்து, சுருதிப்பெட்டி ஒன்றை எடுத்து மெலனியின் முன் வைத்தார். பிறகு தீர்மானத்தின் பிரதியை இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.