அக்காவின் இரண்டாம் ஜோடி

…ஆனால் செருப்புக்குள் வைக்க நான் செய்து கொடுத்த முதல் ஜோடி இன்சோலையும் இதே முகத்தோடுதானே போட்டு நடந்தாள், இதே "நல்லாத்தான்டி இருக்கு", பதினோரு நாள் கழித்துப் பார்த்தால் அது அவள் அலமாரியில் பழைய துண்டுக்கு அடியில் கிடந்தது, அதனால் இன்று அக்காவின் வாயை நம்பக் கூடாது, கால்களை மட்டும் பார்க்க வேண்டும், நான் இன்சோல் செய்யப் பழகும் மாலை வகுப்பின் நீண்ட நடைவழியில் போகிறாள், வருகிறாள், ஒவ்வொரு நடையையும் நான் நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறேன், நான்கு, ஐந்து… தப்பு எங்கே என்று இப்போது தெரிகிறது, பாதத்தை அச்செடுக்கும் நுரைப்பெட்டியில் அவளை எழுந்து நிற்க வைத்தேன், முழு எடையும் இறங்கினால்தான் அச்சு துல்லியமாக விழும் என்பது என் மேதாவித்தனம், நின்றாலே தட்டையாகிவிடும் பாதம் அவளுடையது, அந்தச் சரிவை அப்படியே பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி, ஓரமெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி ஓர் இன்சோல்… அவள் வலியை அச்சு அசலாக நகலெடுக்க யாராவது இத்தனை மெனக்கெடுவார்களா?

இரண்டாம் முறை நாற்காலியில் உட்கார வைத்தேன், குதிகாலை நேராகப் பிடித்து, முழங்காலை நானே மெல்ல அழுத்தினேன், "என்னடி, மாவு பிசையற மாதிரி அமுக்குற" என்றாள், காலை எடுத்ததும் உள்பாதம் இருந்த இடத்தில் நுரை நசுங்காமல் ஒரு சின்ன மேடாக நின்றது, அவளுக்கும் வளைவு இருக்கிறது, இத்தனை வருடம் அது ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது… சலவைக் கடையில் எட்டு மணி நேரம் நின்று இஸ்திரி போடுகிறவள், இந்தக் கால்வலியோடு வேலையில் இருப்பாளா, விடுவாளா என்று திங்கட்கிழமை முதலாளியம்மாவிடம் சொல்லியாக வேண்டும், விட அவளுக்கு மனமில்லை, அது எனக்குத் தெரியும், ஒன்பது, பத்து, வலிக்குதாக்கா என்றால், "நீ கேக்கறப்பதான் வலிக்குது" என்கிறாள், ஒரே பேன்ட்டை மூன்று தடவை மடிப்புச் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்த ஆளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாள், "நாலாவது தடவை தொடவே இல்லடி, அப்படியே குடுத்தேன், இப்பதாம்மா சரியா இருக்குங்கறார்", கையை வீசிக்கொண்டு நடக்கிறாள், எனக்கும் சிரிப்பு வந்து எண்ணிக்கை விட்டுப்போயிற்று… போன முறை நடைவழி நாற்காலியைத் தாண்டும்போதெல்லாம் வலிக்கு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள், அதற்கென்றே இன்று நோட்டில் தனிக் கட்டம் போட்டிருந்தேன், கட்டம் காலியாக இருக்கிறது, அவள் பிடிக்கவில்லையா, நான் பார்க்கவில்லையா… இதோ, கதையின் மிச்சத்தோடு அக்கா மறுபடி திரும்புகிறாள், நான் அவள் கையையே பார்க்கிறேன், நாற்காலிக்கு இன்னும் நான்கு அடி, மூன்று…