பாத்துக்கோங்க

அத்தை போர்வை எடுக்க அலமாரியின் கீழ்த்தட்டில் கை வைத்ததுதான் தாமதம், கூடத்திலிருந்து அப்பா கத்தினார்.

"அக்கா! அத தொடாத!"

விடிந்தும் விடியாமலும் ஆஸ்பத்திரியில் அம்மாவின் மூச்சு நின்றபோது வாய் திறக்காதவர். உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோதும், ஊரும் உறவும் வந்து கையைப் பிடித்துக்கொண்டபோதும் சுவரோர நாற்காலியில் பேச்சு மூச்சின்றி உட்கார்ந்திருந்தவர். அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே மகளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"வர்றவங்க உக்கார விரிக்கலாம்னு பாத்தேன் தம்பி. என்னமோ நான் திருட வந்த மாதிரி கத்தற?" என்றாள் அத்தை. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மேல்தட்டுல எடுத்துக்கோ. கீழ்த்தட்டு அவளோடது."

கீழ்த்தட்டில், கம்பளிகளுக்குப் பின்னால், ஒரு கண்ணாடிச் சாடி. அதற்குள் விரல் உயரத்தில் ஒரு சின்னப் புட்டி. சாடியில் இருக்கும் திரவத்தின் ஆவி புட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, அங்கே கரைந்து கிடக்கும் பொருள் அவசரமே இல்லாமல் படிகமாக வளரும். அசையக் கூடாது, இருட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. பல்கலைக்கழகத்தில் அம்மாவின் ஆய்வகத்தை ஒட்டிப் புதுக் கட்டிடம் எழுப்ப ஆரம்பித்ததும் அந்த அசையாமைக்கு ஆபத்து வந்தது. பொழுதுக்கும் தரையைத் துளைத்தார்கள். மேசை அதிர்ந்தது, படிகம் ஒவ்வொரு முறையும் பொடியாக உதிர்ந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு சிட்டிகைக்கும் குறைவான பொருள். எந்த விதிப்படியும் செய்யக் கூடாத காரியம்தான். அம்மா அதைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள்.

"உலகத்துலயே ஆடாத எடம் நம்ம வீட்டு அலமாரிதான். உங்கப்பா இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது அத தொறந்து பாத்திருக்காரா?" என்று மகளிடம் சிரித்தாள்.

அப்பாவுக்கு வானியல். அதே பல்கலைக்கழகத்தில், வேறு கட்டிடத்தில், மங்கலான நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே தலை நரைத்தவர். "என் பொழப்பு வானம் பார்த்த பூமி" என்று அம்மா விருந்தாளிகளிடம் சொல்வாள். அவர் காதில் விழும்படிதான் சொல்வாள். அவளுடைய புட்டிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அவருடைய நட்சத்திரங்களைப் பற்றி அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

வயிற்று வலி என்று போனவளை மருத்துவர் உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னபோது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிச் சொன்னாள்: "ஏங்க, அலமாரியப் பாத்துக்கோங்க."

அப்பா பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் முழங்காலிட்டுக் கம்பளியை விலக்கி, சட்டைப்பையிலிருந்து சிவப்பு டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். தொலைநோக்கியின் பக்கத்தில் வெள்ளை வெளிச்சம் ஆகாது, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்துவிடும். சிவப்பு கெடுக்காது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த டார்ச் அவர் பையில்தான் இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை சிவப்பு வெளிச்சம் ஒரு வெளிச்சமே அல்ல. அவர் அப்படி மண்டியிட்டுக் குனிந்து பார்ப்பதை மகள் ஒருநாள் பார்த்தாள். பாவம், அவருக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

துக்க வீட்டுக்குப் பத்து மணிக்கு மேல் அவசரக்குடுக்கை வந்தாள். அம்மாவின் ஆராய்ச்சி மாணவி. எதையும் கொதிக்கும் முன்பே இறக்கிவிடுகிற பெண் என்று அம்மா வைத்த பெயர் அது. வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. இந்தப் படிகத்தை எக்ஸ்-ரே எடுத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டினால்தான் அவளுக்குப் பட்டம். அம்மாவின் இத்தனை வருட உழைப்பை ஊர் நம்புவதும் அதை வைத்துத்தான். இன்றைக்கு அவளிடம் அவசரம் இல்லை. அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அப்பாவே எழுந்து வந்தார்.

"உள்ள போய் எடுத்துக்கோம்மா. உன் கையிலதான் குடுக்கணும்னு சொல்லியிருக்கா."

"இன்னிக்கே வேணாம் சார்..."

"வேணும். நான் தெனமும் பாத்தேன். நல்லா வந்திருக்கு."

மகள் அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய்த் திரையை இழுத்து மூடினாள். மாணவி ஒரு மங்கலான பச்சை விளக்கை ஏற்றி, சாடியை மூச்சுப் பிடித்து வெளியே எடுத்தாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, யாராவது இதுல லைட் அடிச்சாங்களா?"

"அப்பா பாத்தாரு. ஆனா செவப்பு டார்ச்சுதான். அது ஒண்ணும் பண்ணாதுன்னாரு."

மாணவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம் பண்ணினதே செவப்பு வெளிச்சத்துல வேல செய்யற மருந்துதானேக்கா. ஒடம்புல கேன்சர் கட்டி இருக்கற எடத்துல மருந்து போய்ச் சேந்ததும் வெளிய இருந்து செவப்பு லைட் அடிப்பாங்க. கட்டியும் சாகும், மருந்தும் செதஞ்சு போகும். வேற எந்தக் கலர்னாலும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். பச்சையா மின்னணும் இது. பாருங்க, வெறும் சேறு."

புட்டியின் அடியில் பழுப்பாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

மகளுக்கு அப்போதுதான் ஆஸ்பத்திரியின் அந்த மத்தியானம் உறைத்தது. அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓரத்துல ஊசி மாதிரி ஒண்ணு கெளம்பியிருக்கு." அம்மா தலையைத் திருப்பினாள். "எதுல பாத்தீங்க?" என்றாள். "என் செவப்பு டார்ச்சுலதான். கவலப்படாத." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வலி என்று நினைத்து மகள் செவிலியைக் கூப்பிட எழுந்தாள். அதற்குள் அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். சவரம் செய்யாத முகம், தப்பான துளையில் மாட்டிய சட்டைப் பொத்தான். "சரி. தெனமும் பாத்துக்கோங்க" என்றாள். "பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

எல்லாம் போய்விட்டது என்று தெரிந்துதான் அம்மா அதைச் சொல்லியிருக்கிறாள். இந்த மாணவியின் பட்டமும் சேர்ந்து போகிறது என்று தெரிந்தும் சொல்லியிருக்கிறாள். அதை நினைத்தபோது மகளுக்கு அம்மாமேல் கோபம்கூட வந்தது.

கதவு திறந்தது. அப்பா நின்றார்.

"நல்லா வந்திருக்காம்மா?"

மகளின் ஆராய்ச்சியே பொய்யைப் பற்றித்தான். பள்ளிக்கூடங்களுக்குப் போய், பிள்ளைகளிடம் பரிசு என்று ஒரு சோப்புக் கட்டியை நீட்டுவாள். எந்த வயதில் ஒரு பிள்ளை முகம் சுளிக்காமல் 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கற்றுக்கொள்கிறது என்று எழுதி வைப்பாள். பொய் சொல்லும் பிள்ளைகள் பலர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். இப்போது அவள் மாணவியைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லிவிடு என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாள். மூன்று வருட உழைப்பைப் பறிகொடுத்தவளிடம் அதைக் கேட்பது அநியாயம் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

மாணவி எழுந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்."

"என்ன கலரும்மா? என் டார்ச்சுல கறுப்பாத்தான் தெரிஞ்சுது."

"பச்ச சார். நல்ல கரும்பச்ச."

"பச்சையா," என்றார் அப்பா.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அவர் கணக்குப் போடுகிறார் என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. தொலைதூர வெளிச்சத்தில் எந்த நிறம் வருகிறது, எந்த நிறம் வழியிலேயே விழுங்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் ஆயுசு முழுக்க அவர் செய்த வேலை. பச்சைப் பொருள் சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தால், அடித்த சிவப்பையெல்லாம் அது விழுங்கியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணவியின் பொய்யே உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அப்ப அது செவப்ப..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார். "பத்திரமா எடுத்துட்டுப் போம்மா. வெயில் படாம."

மாணவி புட்டியை ஒரு சின்ன அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். குப்பையில் போட வேண்டியதை மார்போடு அணைத்துக்கொண்டு, கூடத்தில் இருந்தவர்களைத் தாண்டி, தெருவில் இறங்கிப் போனாள்.

நண்பகலில் வண்டி வந்தது. அம்மாவைச் சவப்பெட்டியில் கிடத்தினார்கள். வண்டிக்காரர் பெட்டியின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, நாளெல்லாம் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்:

"கடைசியா மொகம் பாக்கறவங்கள்லாம் பாத்துக்கோங்க."

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அத்தை குனிந்து அம்மாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். அப்பாவைக் காணோம். மகள் தேடிப் போனாள். உள்ளறை இருட்டில், மூடிய அலமாரிக்கு முன்னால், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, வாங்க. வண்டிக்காரர் காத்துட்டிருக்காரு."

"வேணாம்மா. நான் பாத்த வரைக்கும் போதும்." அலமாரிக் கதவில் கை வைத்தார். "நீ போய்ப் பாரு."

அவர் தோளைத் தொடலாம் என்று கை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். சொல்லாமல் விட்டால் இந்த மனிதர் இனி எதையுமே பார்க்க மாட்டார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"டார்ச்சுல பாத்தேன்னு நீங்க அம்மாகிட்ட சொன்னீங்கல்லப்பா."

அவர் திரும்பவில்லை.

"அதுக்கப்புறந்தானே அம்மா, தெனமும் பாத்துக்கோங்கன்னு சொன்னா?"

கூடத்தில் யாரோ இருமினார்கள். அப்பா சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு, அவளைத் தாண்டிக் கூடத்துக்கு நடந்தார்.

பெட்டியின் பக்கத்தில் போய் நின்றவர் குனியவில்லை. ஜன்னலுக்குப் போனார். காலையிலிருந்து மூடியே கிடந்த திரையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்து விலக்கினார். உச்சி வெயில் அம்மாவின் முகத்தில் வந்து விழுந்தது.

வண்டிக்காரர் மூடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தார்.